பள்ளிச் சுவரிலிருந்து 100 கஜம்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்காவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு தமிழ் மீடியம் பள்ளியில் என் மகன் படிக்கிறான். நான் அங்கே பெற்றோர் ஆசிரியர் சங்க (பிடிஏ) கமிட்டியில் இருக்கிறேன். பள்ளிக்குப் பக்கத்துப் பெட்டிக்கடையில் புகையிலை விற்பனையை நிறுத்த வைத்தோம். எப்படி நடந்தது என்று பக்கத்து ஊர்ப் பெற்றோர் கேட்டுக்கொண்டே இருப்பதால் விவரமாக எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்புப் பையன்கள் சிலர் உதட்டுக்குள் புகையிலைப் பொட்டலம் வைத்துக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருப்பதாக ஒரு டீச்சர் சொன்னார். பையன்களைத் தண்டிக்க வேண்டாம், அது எங்கிருந்து வருகிறதோ அதை அடைப்போம் என்று கமிட்டியில் முடிவு செய்தோம்.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. கோட்பா என்று சொல்லப்படும் 2003-ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டத்தில் 6-ஆம் பிரிவைப் பாருங்கள். 18 வயது நிரம்பாதவர்களுக்கு விற்கக் கூடாது. கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், யாருக்குமே விற்கக் கூடாது. மத்திய அரசின் சட்டம் என்பதால் எல்லைக்கு இரண்டு பக்கமும் இது ஒன்றுதான்.

முதல் வேலை போர்டு. 100 கஜத்துக்குள் விற்பது குற்றம் என்று பள்ளியே வாசலில் எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. எங்கள் போர்டு வெயிலில் வெளுத்து எழுத்தே தெரியாமல் கிடந்தது. ஹெட்மாஸ்டரிடம் பேசித் தமிழிலும் மலையாளத்திலும் புதிதாக எழுத வைத்தோம். புகார் கொடுப்பதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் பேச்சு உங்கள் பக்கமே திரும்பும்.

அப்புறம் அளவு. எங்கள் விஷயத்தில் எல்லாமே இதில்தான் நின்றது. "ஏனுங்க அம்மணி, ரோட்டு வழியா அளந்து பாருங்க, நூத்தம்பது மீட்டருக்கு மேலயே வருமுங்க" என்றார் கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. சாலை ஒரு தென்னந்தோப்பைச் சுற்றிக்கொண்டு போகிறது. ஆனால் விதி சாலையைக் கணக்கில் எடுப்பதில்லை. பள்ளியின் மதிலோ வேலியோ எங்கே முடிகிறதோ, அங்கிருந்து நாலா பக்கமும் நேர்கோட்டில் அளக்க வேண்டும். தோப்புக்காரரிடம் அனுமதி கேட்டு, ஹெல்த் இன்ஸ்பெக்டரைக் கூட வைத்துக்கொண்டு, தோப்புக்குள்ளேயே டேப் பிடித்து அளந்தோம். 91 மீட்டருக்கு நன்றாகவே உள்ளே வந்தது. அதைத் தாளில் எழுதி, இருந்தவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். பிறகு எந்த ஆபீசுக்குப் போனாலும் அந்த ஒரு தாள் பேசியது.

மனுவைத் தமிழில்தான் எழுதினோம். மலையாளத்தில் எழுதி வாருங்கள் என்று ஓர் ஆபீசில் திருப்பிக் கொடுத்தார்கள். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதியில் இருக்கும் தமிழர்கள் உள்ளூர் அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் பெறலாம். இதை அமைதியாக எடுத்துச் சொன்னதும் வாங்கிக்கொண்டார்கள். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீதை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். போலீஸ் ஸ்டேஷனுக்கும் எக்சைஸ் ஆபீசுக்கும் ஆளுக்கொரு நகல் கொடுத்தோம்.

வந்து பார்த்தார்கள், அபராதம் போட்டார்கள். எவ்வளவு தெரியுமா? இந்தப் பிரிவில் அதிகபட்சமே 200 ரூபாய்தான். கட்டிவிட்டு அவர் மறுபடியும் விற்க ஆரம்பித்தார். 2003-ல் எழுதிய தொகை இன்றும் அப்படியே கிடப்பது எனக்குத் தாங்கவில்லை. ஒரு நாள் வியாபாரத்தில் கட்டிவிடக்கூடிய அபராதத்துக்கு யார் பயப்படுவார்கள்?

நிலைமையை மாற்றியது வேறு இரண்டு சட்டங்கள். புகையிலை கலந்த குட்காவைக் கேரளம் 2012-லும் தமிழ்நாடு 2013-லும் தடை செய்தன. "அந்தப் பக்கம் விக்கிறாங்களே" என்ற பேச்சு அதனால் எடுபடாது. அடுத்தது 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 77-ஆம் பிரிவு. குழந்தைக்குப் புகையிலை கொடுத்தால் 7 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். எஸ்.ஐ. கடைக்கே வந்து இதைப் படித்துக் காட்டினார். அன்று சாயங்காலமே பொட்டலச் சரம் இறங்கியது.

கடைக்காரரைப் பகைத்துக்கொள்ள நாங்கள் விரும்பவில்லை. அவருக்கும் வீடு இருக்கிறது, வயிறு இருக்கிறது. நோட்டு, பேனா, பிள்ளைகளுக்கான தின்பண்டம் எல்லாம் இனி உங்களிடமே வாங்குகிறோம் அண்ணா என்று சொல்லி, அப்படியே செய்தும் வருகிறோம். பஞ்சாயத்து லைசென்ஸ் புதுப்பிக்கும்போது புகையிலை விற்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தார்.

இதெல்லாம் மாறாது என்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்ல வேண்டும். பெரியவர்களின் புகையிலைப் பழக்கம் பற்றிய தேசிய ஆய்வில், கேரளத்தில் 2009-10-இல் 21.4 சதவீதமாக இருந்தது 2016-17-இல் 12.7 ஆகக் குறைந்தது. மாறும். ஆனால் வரியும் கூட நிற்க வேண்டும். 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது பீடிக்கு 28 சதவீதம் போட்டார்கள், சிகரெட்டுக்குப் போட்ட கூடுதல் செஸ்ஸைப் பீடிக்குப் போடவில்லை. 2025 செப்டம்பரில் மற்றப் புகையிலைக்கு 40 சதவீதம் என்று முடிவெடுத்த ஜிஎஸ்டி கவுன்சில், பீடியை மட்டும் 18-க்கு இறக்கியது. எங்கள் ஊரில் கூலி வேலைக்குப் போகும் அப்பாக்கள் பிடிப்பது பீடிதான். ஏழையின் நுரையீரலுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? பீடி சுற்றும் பெண்களுக்கு வேறு வேலை ஏற்பாடு செய்து கொடுப்பதுதான் நியாயம், விலையைக் குறைத்து வைப்பதல்ல.

பையன்களையும் விட்டுவிடவில்லை. புகையிலையை விட உதவும், புகையிலைப் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற இலவச எண்ணுக்கு, பெற்றோரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டீச்சரே பேச வைத்தார். ஒருவன் முழுதாக நிறுத்திவிட்டான். மற்றவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது 100 கஜத்துக்கு வெளியே ஒரு புதுக் கடை வந்திருக்கிறது. சிகரெட்டை ஒவ்வொன்றாகப் பிரித்து விற்கிறார்கள். பெட்டியில் 85 சதவீத இடத்தில் அச்சிட வேண்டிய எச்சரிக்கைப் படம் பெட்டியோடு கடையிலேயே நின்றுவிடுகிறது, பையன் கையில் படமே போவதில்லை. 18 வயதுக்குக் கீழே விற்க மாட்டோம் என்ற போர்டு எல்லாப் புகையிலைக் கடையிலும் இருக்க வேண்டும், அங்கே இல்லை. அதற்கான மனு தயாராகிவிட்டது, திங்கட்கிழமை கொடுக்கிறோம்.