அரபு எழுத்து: ஆறாவது வாரம்

ஷார்ஜாவுக்கு வந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. கடைப் பலகைகளில் ஆங்கிலத்தை மட்டுமே படித்துக்கொண்டிருந்தேன். போன மாதம் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் தினமும் அரை மணி நேரம் உட்கார ஆரம்பித்தேன்.

மொத்தம் 28 எழுத்து. 247 கற்றுக்கொண்ட நமக்கு அது பெரிதில்லை. வலமிருந்து இடமாக எழுதுவதும் நான்கைந்து நாளில் கைக்கு வந்துவிட்டது. திணறவைத்தது, சொல்லின் முதல், நடு, கடைசி என்று ஒரே எழுத்து உருவம் மாறுவதுதான். தனியாக நிற்கும்போது படகு போல நீண்டிருக்கும் 'பா', நடுவில் வந்தால் ஒரு சின்னப் பல்லாகிவிடும். கீழே உள்ள ஒற்றைப் புள்ளிதான் அடையாளம். அந்தப் புள்ளியை மேலே வைத்தால் 'நூன்', மேலே இரண்டு வைத்தால் 'தா'.

மூன்றாவது வாரம் ஒன்று பிடிபட்டது. தமிழில் 'க' எங்கே வந்தாலும் உருவம் ஒன்றுதான். கடல், தங்கம், அகம் என்று இடத்துக்குத் தக்கபடி ஒலி மாறும். அரபியில் இடத்துக்குத் தக்கபடி உருவம் மாறுகிறது, ஒலி அப்படியே நிற்கிறது. இது புரிந்ததும் பயம் போய்விட்டது.

அடுத்த நாள் தெருமுனை மளிகைக்கடைப் பலகையைப் பார்த்து நின்றேன். பா, காஃப், அலிஃப் மூன்றும் கைகோத்து வந்தன. அலிஃப் தனக்கு இடப்பக்கம் வருவதோடு சேராது (இப்படி ஆறு எழுத்து உண்டு), அதனால் ஒரு சின்ன இடைவெளி. அப்புறம் லாம், கடைசியில் இரண்டு புள்ளி வைத்த வட்டத் 'தா'. பகாலா! மளிகைக்கடை. 'பா'வுக்குப் பிறகு வரும் அகரத்தை எழுதவே இல்லை, நாமே போட்டுக்கொள்ள வேண்டும். புள்ளி வைக்காத ஓலைச்சுவடியைப் படிப்பவர்களும் இப்படித்தானே படித்திருப்பார்கள் என்று தோன்றியது. பால் வாங்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஒலிகள் இன்னும் பாக்கி. உள்நாக்கில் பிறக்கும் காஃபில் தொடங்கினால் 'கல்ப்' என்பது இதயம். நம் க போன்ற காஃபில் தொடங்கினால் நாய். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே. கூட வேலை பார்க்கும் சிரியாக்காரர் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லி, பொறுமையாகக் காதைப் பழக்கிவிட்டார். இப்போது பத்துக்கு ஏழு தடவை சரியாக வருகிறது.

ஐன் மட்டும் வரவில்லை. தொண்டையை உள்ளே இறுக்கிச் சொல்ல வேண்டும். என் வாயில் வெறும் 'அ'வாகவே விழுகிறது. 'அரபி' என்ற சொல்லே ஐனில்தான் தொடங்குகிறது. இந்த வாரம் காலையும் ராத்திரியும் அந்த ஒரு சொல்தான் பயிற்சி.