என் பல்லில் ஒன்பதாம் எண்

தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் நான். முன்பல் இரண்டிலும் காவிக் கோடு. போட்டோவுக்கு வாயைத் திறக்கவே மாட்டேன்.

நேற்று பத்தாவது படிக்கும் அக்கா மகள் தனிம வரிசை அட்டவணையை விரித்துவைத்து, "இதை எதுக்கு மாமா மனப்பாடம் பண்ணணும்?" என்றாள். பல்லைக் காட்டினேன்.

ஃபுளூரின், அணு எண் 9, 17ஆம் தொகுதியில், அதாவது 17ஆவது நெடுவரிசையில், முதல் ஆள். வெளிக்கூட்டில் 7 எலக்ட்ரான். எட்டாக ஒன்று குறைகிறது. அதற்குக் கீழே குளோரின், புரோமின், அயோடினுக்கும் அதே குறைதான். ஆனால் ஃபுளூரினுக்குக் கூடு இரண்டே இரண்டு. உட்கரு கிட்டத்திலிருந்து இழுப்பதால் அதற்கு வெறி அதிகம். 2ஆம் தொகுதிக் கால்சியமோ இரண்டு எலக்ட்ரானைக் கொடுத்துவிடும் ரகம். பல்லும் எலும்பும் கால்சியம். அப்புறம் விடுமா? அந்த ஒரு எலக்ட்ரானைப் பிடித்த ஃபுளூரைடாகத் தண்ணீரில் கரைந்து வந்து, பல்லில் ஹைட்ராக்சைடு இருந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. கொஞ்சம் என்றால் பல்லுக்கு நல்லதுதான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால், வளரும் பல்லில் கறை.

அவள் ஃபுளூரைடு குறைந்த ஒகேனக்கல் காவிரித் தண்ணீர் குடிப்பவள். எழுந்துபோய்க் கண்ணாடியில் தன் பல்லைப் பார்த்துக்கொண்டாள்.