வாயல் முறுவல்

2024 ஆகஸ்ட் 5, திங்கள்

பெரியம்மாவுக்குக் கண்புரை அறுவை முடிந்து மூன்று வாரம் ஆகிறது. புதுக் கண்ணாடி வரும்வரை அவருடைய கண் நான்தான். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் சிலப்பதிகாரம் வாசிக்கிறேன். புகார்க் காண்டம் நேற்றோடு முடிந்தது.

பத்துக் காதையில் கண்ணகி பேசியதை விரல்விட்டு எண்ணிவிடலாம். பொய்கையில் மூழ்கிக் காமவேளைத் தொழுதால் கணவன் திரும்புவான் என்று தோழி தேவந்தி வழி சொல்கிறாள். "பீடு அன்று" என்பதோடு பேச்சை முடித்துவிடுகிறாள் கண்ணகி. சொத்தெல்லாம் தொலைத்துவிட்டுக் கோவலன் வந்து வெட்கப்பட்டு நிற்கிறான். அப்போதும் சிரித்த முகத்தோடு "சிலம்பு உள, கொண்ம்" என்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. பெரியம்மா மட்டும், "அவள் கணக்கு வைத்திருக்கிறாள், பார்த்துக்கொண்டே இரு" என்றார். கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள் நான். எனக்கே கணக்குச் சொல்கிறார்.

ஆகஸ்ட் 7, புதன்

ஒயிட்ஃபீல்டிலிருந்து ஹலசூரு வரை பெங்களூரு மெட்ரோவில் நின்றுகொண்டே வந்தேன். மழை வேறு. காடுகாண் காதையில் பாதியைத் தாண்டிவிட்டேன், இளங்கோ மன்னிப்பார்.

ஆகஸ்ட் 8, வியாழன்

கொலைக்களக் காதை. பள்ளியில் இதை இரண்டு வரியில் முடித்திருந்தார்கள்: கண்ணகி சமைத்தாள், கோவலன் சிலம்பு விற்கப் போனான். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பேச்சு இருக்கிறது.

ஆயர் சேரியில் மாதரி கொடுத்த இடத்தில், வாழையின் குருத்தை விரித்து, "அமுதம் உண்க அடிகள்" என்று சோறு போடுகிறாள். வெற்றிலை பாக்குக் கொடுக்கிறாள். "எழுக என எழுந்தாய், என் செய்தனை" என்று உருகுகிறான் கோவலன். கூப்பிட்டதும் ஏன் வந்தாய் என்று அவளிடமே கேட்கிறான்! இந்த இடத்தில்தான் அவள் வாய் திறக்கிறாள். விருந்தினரை எதிர்கொள்ளும் உரிமையைக் கூட இழந்து கிடந்தேன். உங்கள் தாயும் தந்தையும் வந்து என்னைப் பாராட்டியபோது உள்ளே இருந்த நோயை மறைத்துச் சிரித்தேன். அது மெய்யான சிரிப்பில்லை என்று தெரிந்து அவர்கள் வருந்தினார்கள். இதற்குக் கவி வைத்த சொல் "வாயல் முறுவல்". கடைசியில், குரல் உயராமல், "போற்றா ஒழுக்கம் புரிந்தீர்."

தீப்பற்றியது இங்கேதான் என்று எனக்குப் படுகிறது. மதுரைக்கு அது பிறகு பரவியது, அவ்வளவே. சோறு போட்டு, வெற்றிலையும் கொடுத்த பிறகு சொல்கிற குற்றச்சாட்டுக்கு யாரால் பதில் சொல்ல முடியும்? அவன் தழுவிக்கொள்கிறான், ஒரு சிலம்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறான்.

வாயல் முறுவலைப் பெரியம்மா இரண்டு முறை படிக்கச் சொன்னார். பிறகு, "கொடுத்துவைத்தவள். அவள் மாமியார் கண்டுபிடித்துவிட்டாளே" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைக்கச் சொன்னார். நான் பேசாமல் அணைத்தேன். பெரியப்பா உயிரோடு இருந்த நாளெல்லாம் நான் பார்த்தது பெரியம்மாவின் சிரிப்பை மட்டும்தான்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மாலையில் பெரியம்மாவை ஹலசூரு ஏரிப் பக்கம் நடக்க அழைத்துப்போனேன். அங்கே திருவள்ளுவர் சிலை திறந்து இன்றோடு 15 ஆண்டு. அதற்கு முன் 18 ஆண்டு மூடியே நின்றார். அந்தக் கோலத்திலும் பெரியம்மா அவரைப் பார்த்திருக்கிறார். "வாயைத் திறந்தால் 1330 குறள் சொல்கிறவர். அவரையே மூடி வைத்தால் நாமெல்லாம் எம்மாத்திரம்" என்றார். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. வேர்க்கடலை வாங்கினோம்.

ஆகஸ்ட் 10, சனி

வழக்குரை காதை. கோபம் வந்தால் வார்த்தை தடுமாறும் என்பார்கள். இவளுக்கு வரிசைப்படுகிறது. "தேரா மன்னா" என்று தொடங்குகிறாளே தவிர, அடுத்த வரியிலிருந்து எல்லாம் ஒழுங்கு: புறாவுக்காகத் தன்னைத் தந்தவன், கன்றுக்காக மகனைத் தேரில் மடித்தவன், அவர்களுடைய புகார் என் ஊர், மாசாத்துவான் மகன் என் கணவன். தன் பெயர் கடைசியில். பிறகு சான்று: என் சிலம்பில் மணி. தன்னுடையதில் முத்து என்று அரசன் தன் வாயாலேயே சொல்கிறான். உடைத்தால் மணி தெறிக்கிறது. ஒரு தணிக்கை அறிக்கை கூட இவ்வளவு சுத்தமாக இருக்காது. நிலைகுலைபவன் பாண்டியன்தான்: "யானோ அரசன், யானே கள்வன்."

நகரம் எரிவதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார் பெரியம்மா.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பத்து மணிக்கு வழக்கம்போல் புனேயிலிருந்து அண்ணாவின் போன். "எப்படி இருக்கிறீர்கள், அம்மா?" ஒலிபெருக்கியில் போட்டிருந்தோம். "நன்றாக இருக்கிறேன்" என்ற பதில் எனக்கே மனப்பாடம்.

"நன்றாக இல்லை" என்றார் பெரியம்மா.

பிறகு வரிசையாகச் சொன்னார். ஜூலை 15 அறுவை, நீ வரவில்லை. 20 ஆம் தேதி வருகிறேன் என்றாய். 27 என்றாய். உன் அப்பாவின் திதிக்கு இங்கே மூன்று இலை போட்டோம், உன் இலை சும்மா கிடந்தது. குரல் ஏறவே இல்லை. பால்கணக்கு ஒப்பிப்பது போல இருந்தது. அவர் கை மட்டும் மேசை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே போனது. முழு விரிப்பும் டம்ளரோடு அவர் பக்கம் வந்து, காபி கொட்டியது. கவனிக்கவில்லை.

போனை என்னிடம் நீட்டினார். "நீ பேசு. அவன் அழுகிறான்."

வாங்கினேன். "அம்மாவுக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டார் அண்ணா.

"ஒன்றும் ஆகவில்லை, அண்ணா. பேசினார்."