கடுகளவு ஸ்குரூவும் ஒரு ஹர்த்தாலும்

ஏர் ரைஃபிளில் பெல்லட் (அதன் குட்டி ஈயக் குண்டு) ஒரே பக்கமாக ஒதுங்கிப் போனால் தயவுசெய்து பேக் சைட்டில், அதாவது கண்ணுக்குப் பக்கத்தில் உள்ள குறிபார்க்கும் பாகத்தில், கை வைக்காதீர்கள். முதலில் குழல் நுனியில் இருக்கிற ஃபோர்சைட்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். நான் இதை முதல் நாளே செய்திருந்தால் ஒரு மாதமும் இரண்டு பஸ் பயணமும் மிச்சமாகியிருக்கும்.

வீடு செங்கோட்டையில். மகள் கொல்லைப்புறச் சுவரில் மண் மூட்டை அடுக்கி, பத்து மீட்டரில் அட்டை மாட்டிப் பழகுகிறாள். சாதாரண .177 (குழல் துளை .177 அங்குலம்) ஸ்பிரிங் ரைஃபிள்தான், குழலை மடக்கி லோடு செய்கிற வகை. ஆனி மாதச் சாரல் தொடங்கிய வாரத்தில் எல்லாம் வலது பக்கமாகவே போய் விழுந்தன. "மூச்சைப் பிடி, ட்ரிகரை இழுக்காதே, அழுத்து" என்று அவளைத்தான் திட்டினேன். பாவம். ரைஃபிளின் கட்டைப் பிடியில் உள்ள ஸ்குரூக்களை இறுக்கினேன், மாற்றமில்லை. பேக் சைட்டை இரண்டு வாரம் திருகித் திருகி அது ஓரத்துக்கே போய்விட்டது. அப்புறம் ஒருநாள் துடைக்கும்போதுதான் ஃபோர்சைட் விரலோடு நகர்ந்து வந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் தலை சுற்றும். என் ரைஃபிளில் இரண்டு சைட்டுக்கும் நடுவே 45 சென்டிமீட்டர். ஃபோர்சைட் ஒரு மில்லிமீட்டர் இடது பக்கம் நகர்ந்தால், பத்து மீட்டரில் பெல்லட் 22 மில்லிமீட்டர் வலப்பக்கம் போகும். போட்டி அட்டையின் கறுப்பு வட்டமே 30.5 மில்லிமீட்டர்தான், நடுவில் உள்ள பத்துப் புள்ளி அரை மில்லிமீட்டர். அவள் என்ன செய்வாள்?

ஃபோர்சைட்டைப் பிடித்து வைத்திருப்பது தலையில்லாத ஒரு குட்டி ஸ்குரூ, எம்3 (மூன்று மில்லிமீட்டர் தடிமன்). அதற்கு 1.5 மில்லிமீட்டர் ஆலன் கீ, அதாவது அறுகோண முனைச் சாவி வேண்டும். வீட்டிலிருந்த கீயின் முனை மழுங்கிப் போயிருந்தது. அதை வைத்தே அழுத்தித் திருகினேன். 'நறுக்' என்று ஒரு சத்தம். ஸ்குரூவின் அறுகோணக் குழி வட்டமாகிவிட்டது. சைட் ஆடுகிறது, ஸ்குரூ இறுகவும் இல்லை, கழலவும் இல்லை. மரை கழன்றவன் என்று யாரையாவது சொல்வோமே, அன்றைக்கு அது நான்தான்.

கொல்லம் பக்கம் ஒரு கடையில் சர்வீஸ் உண்டு என்று கேள்விப்பட்டு, ரைஃபிளைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். புளியரையோடு பஸ் நின்றுவிட்டது. "அங்க ஹர்த்தால் சார், முன்னாடியே டிவில சொல்லிட்டாங்களே" என்றார் கண்டக்டர். கேரளாவில் முழு அடைப்பாம். டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். எல்லையில் இருப்பவர்கள் கிளம்பும் முன் மலையாளச் செய்தியையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அடுத்த வாரம் மறுபடி. இந்தத் தடவை வழியில் ஒரு போலீஸ்காரர் பையைத் திறக்கச் சொன்னார். பெல்லட்டின் வேகச் சக்தி 20 ஜூலுக்கு மேல் போகாத .177 ஏர் ரைஃபிளுக்கு 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். "பில் உண்டோ?" என்றார். நீட்டினேன். வெள்ளைத் தாள்! வெப்பத்தில் அச்சடிக்கிற அந்தப் பில்லில் ஒரு எழுத்துகூட மிச்சமில்லை. நல்லவேளை, வாங்கின அன்று மகள் போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். தேடி எடுத்துக் காட்ட இருபது நிமிடம். பில் வாங்கியதும் ஜெராக்ஸ் எடுத்து வைத்துவிடுங்கள்.

கடையில் இருந்தவர் சைட்டை ஆட்டிப் பார்த்தார். "இது ஃபுல் செட் மாற்றணும். ரைஃபிள் இவிடெ இருக்கட்டே, மூணு ஆழ்ச்ச." மூன்று வாரம் அங்கேயே இருக்கட்டுமாம்.

"சேட்டா, ஒரு சின்ன ஸ்குரூதானே?"

"ஸ்குரூ தனியே கிட்டில்ல."

தலை நிமிர்த்தாமலே சொன்னார். பில் புத்தகத்தில் என் பெயரைக்கூட எழுதத் தொடங்கிவிட்டார். பையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

காப்பாற்றியது யார் தெரியுமா? எங்கள் தெருவில் செல்போன் ரிப்பேர் பார்க்கிற பையன். மகளின் போனுக்குக் கண்ணாடி ஒட்டப் போனபோது புலம்பினேன். "டி6 ஸ்டார் பிட் போட்டுப் பாருங்க மாமா" என்று மேசை இழுப்பறையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தான். நட்சத்திர முனை, 1.7 மில்லிமீட்டர். வட்டமான குழிக்குள் சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டி இறக்கினால் அதன் பற்கள் கடித்துக்கொள்ளும். துரு இளக்கும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் கால் சுற்று, அரைச் சுற்று... வந்துவிட்டது! கடுகளவுதான் இருந்தது. கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கக் காட்டினேன். யாரும் எழுந்து வரவில்லை.

அந்தப் பழைய ஸ்குரூவோடு தென்காசியில் போல்ட் நட் கடைக்குப் போனேன். அண்ணாச்சி உடனே பார்த்து எடுத்துக் கொடுத்தார். பத்து வாங்கினேன். ஸ்குரூ தானாகக் கழலாமல் பிடித்து வைக்கிற மரை பூட்டும் பசை கேட்டபோது மட்டும் சிவப்புக் குப்பியை நீட்டினார். சிவப்பு வேண்டாம், அதைக் கழற்றச் சூடு காட்ட வேண்டியிருக்கும். நீலம்தான் சரி, நாளைக்குச் சூடு காட்டாமல் கீயாலேயே கழற்றலாம். அவசரத்துக்கு வீட்டிலிருக்கும் ஒட்டுப்பசையை விடலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு: வேண்டாம்.

இனி வேலை. குழலைப் பாதி மடக்கி உள்ளே பெல்லட் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். மடக்கிய நிலையில் ட்ரிகர் பக்கம் விரல் போகவே கூடாது. குழல் பட்டென்று நிமிர்ந்தால் விரல் தப்பாது. பெல்லட் இல்லாமல் சும்மா சுட்டுப் பார்ப்பதும் வேண்டாம், ஸ்பிரிங்கும் பிஸ்டனும் பாழாகும்.

பசை விடும் முன்பே குறி சரிபார்க்க வேண்டும். பேக் சைட்டை நடுவுக்குக் கொண்டுவந்து, புது ஸ்குரூவைப் பசையில்லாமல் இறுக்கிச் சுட்டோம். இங்கும் ஒரு சறுக்கல். பெல்லட் வலப்பக்கம் போகிறதே என்று ஃபோர்சைட்டை இடப்பக்கம் தள்ளினேன். இன்னும் வலப்பக்கம் போனது. "அப்பா, போற பக்கமே தள்ளணும்" என்றாள் மகள், என்.சி.சி.யில் சொல்லிக் கொடுத்ததாம். தள்ளினோம். நடுவுக்கு வந்தது.

இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு ஸ்குரூவைக் கழற்றி, மரையிலிருந்த எண்ணெயை மகளின் நெயில்பாலிஷ் ரிமூவரால் துடைத்தேன். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பசை பிடிக்காது. நீலத்தில் ஒரே ஒரு சொட்டு, புது ஆலன் கீ, அளவான இறுக்கு. ஒரு நாள் முழுக்கத் தொடவில்லை. காற்றுப் படாத இடத்தில்தான் அந்தப் பசை இறுகும், அதனால் வெளியே வழிந்தது ஈரமாகவே இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து நான் இரண்டு தடவை எழுந்து டார்ச் அடித்தது வேறு கதை.

கடைசியாக, சைட்டிலிருந்து குழல் வரை குறுக்கே சிவப்பு நெயில்பாலிஷில் மகள் ஒரு மெல்லிய கோடு போட்டாள். சைட் இம்மி நகர்ந்தாலும் கோடு உடைந்துவிடும், விரலால் ஆட்டிப் பார்க்க வேண்டியதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வரை நூறு பெல்லட்டுக்கு மேல் போயாயிற்று. கோடு அப்படியே இருக்கிறது. மிச்சம் ஒன்பது ஸ்குரூ இருக்கிறது, செங்கோட்டைப் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்.