ஒரு பிரிண்டர், பல கணினிகள்: ‘ஆஃப்லைன்’ தொல்லை தீர்ந்த விதம்

சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பிரிண்டர் ஒன்றுதான். இரண்டு விண்டோஸ் மடிக்கணினி, ஒரு மேக்புக், பிள்ளையின் பள்ளிக் குரோம்புக், கைப்பேசிகள் என எல்லாவற்றுக்கும் அதுவே. வைஃபையில் சேர்ப்பது சில நிமிட வேலை. சேர்த்த பிறகுதான் தொல்லை ஆரம்பிக்கும்: சில நாள் ஒழுங்காக அச்சடிக்கும், பிறகு விண்டோஸில் மட்டும் ‘ஆஃப்லைன்’ என்று வரும். அதே நேரத்தில் கைப்பேசியிலிருந்து அனுப்பினால் தாள் வந்துவிடும்.

பிரிண்டரில் கோளாறு இல்லை, அதன் முகவரிதான் மாறியிருக்கும். ரூட்டர் தன்னிடம் வரும் கருவிகளுக்கு ஐபி முகவரியை, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் அவற்றைக் கண்டுபிடிக்கும் எண்ணை, தவணைக்குத்தான் கொடுக்கிறது. மின்சாரம் டிரிப்பாகி ரூட்டர் மறுபடி எழும்போது 192.168.1.23-இல் இருந்த பிரிண்டர் 192.168.1.31-க்குப் போய்விடலாம். கைப்பேசியும் மேக்கும் பிரிண்டரைப் பெயர் சொல்லித் தேடுவதால் தப்பிக்கின்றன. பழைய எண்ணைப் பிடித்து வைத்திருக்கும் விண்டோஸ் மாட்டிக்கொள்கிறது.

ஆகவே முதல் வேலை ரூட்டரில். பிரிண்டரின் மெனுவிலிருந்து நெட்வொர்க் விவரத் தாளை அச்சடித்து, அதிலுள்ள மேக் அட்ரஸை (MAC: கருவியின் நெட்வொர்க் இணைப்புக்கான அடையாள எண், ஆப்பிள் மேக் அல்ல) குறித்துக்கொள்ளுங்கள். ரூட்டரில் முகவரிகளைப் பங்கிடும் டிஎச்சிபி பகுதியில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ என்ற இடத்தில் அந்த மேக் அட்ரஸுக்கு ஒரு ஐபியை ஒதுக்கிவிட்டு, பிரிண்டரை அணைத்துப் போடுங்கள். பலர் இடறும் இடம் இதுதான்: வைஃபைக்கு ஒரு மேக் அட்ரஸ், கேபிளுக்கு வேறொன்று. பின்னாளில் லேன் கேபிளுக்கு மாறினால் பழைய ஒதுக்கீடு செல்லாது.

பிறகு விண்டோஸில் பழைய பிரிண்டரை நீக்கிவிட வேண்டும். ‘ஆட் டிவைஸ்’ தானாகக் கண்டுபிடித்துக் கொடுப்பதை ஏற்காதீர்கள். அது பெரும்பாலும் டபிள்யூஎஸ்டி (WSD) என்ற தானியங்கி இணைப்பு வழியில், அதாவது அந்தப் போர்ட்டில், போய் உட்காரும், எதிர்பாராத நேரத்தில் காணாமல் போகும். ‘ஆட் மேனுவலி’ போய், ‘டிசிபி/ஐபி டிவைஸ்’ தேர்ந்தெடுத்து, ஒதுக்கிய ஐபியைத் தட்டச்சு செய்யுங்கள். அதற்குப் பிறகும் ‘ஆஃப்லைன்’ காட்டினால், பிரிண்டர் பிராப்பர்ட்டீஸில் போர்ட்ஸ், கான்ஃபிகர் போர்ட் சென்று ‘எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்ட்’ (SNMP, பிரிண்டரின் நிலையைக் கேட்கும் வசதி) என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். அந்த நிலைக் கேள்விக்குப் பிரிண்டர் பதில் தராவிட்டாலும் விண்டோஸ் அதை ஆஃப்லைனாக எண்ணிக்கொள்ளும்.

குரோம்புக்கில் கையால் சேர்க்கும்போது புரோட்டோகால் ஐபிபி (IPP, அச்சு வேலை அனுப்பும் முறை), க்யூ ipp/print எனக் கொடுத்தால் அண்மைக்காலப் பிரிண்டர்களில் பெரும்பாலானவை ஏற்கும். பள்ளியின் கட்டுப்பாட்டு மென்பொருள் பிரிண்டர் சேர்ப்பதையே பூட்டியிருந்தால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். கோப்பைப் பிடிஎஃப் ஆக்கிக் கைப்பேசிக்கு அனுப்பி அங்கிருந்து அச்சடியுங்கள். அலுவலக மடிக்கணினியில் விபிஎன் (அலுவலக நெட்வொர்க்குக்கான பாதுகாப்பான இணைப்பு) ஓடும்போது வீட்டுப் பிரிண்டர் மறைந்துவிடுவதும் இந்த வகைதான். விபிஎன்னைத் துண்டித்துவிட்டு அச்சடிப்பதே வழி.

இனி வீட்டு அமைப்பு. 1998-க்குப் பிறகு கட்டிய வீடுகளில் இருக்கும் பாம் ஷெல்டரை (குண்டுவீச்சிலிருந்து தப்பிக்கக் கட்டிய சிறு அறை) பலர் ஸ்டோர் ரூமாக்கிப் பிரிண்டரையும் உள்ளே வைத்துவிடுகிறார்கள். இரும்புக்கம்பி வைத்துக் கட்டிய கான்கிரீட் சுவர், உலோகக் கதவு: கதவைச் சாத்தினால் வைஃபை பெரும்பாலும் நின்றுவிடும். வெளியே வையுங்கள். புதிய பிடிஓ (முன்பதிவின் பேரில் கட்டும் வீவக) வீடுகளில் அறைகளிலேயே லேன் பாயிண்ட் இருக்கிறது; பிரிண்டரில் ஈத்தர்நெட் துளை இருந்தால் கேபிளையே மாட்டுங்கள். இந்த விஷயத்தில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

வைஃபைதான் வழி என்றால் மூன்றைப் பார்க்க வேண்டும். மலிவுப் பிரிண்டர்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டுமே பிடிக்கும். ரூட்டரில் வைஃபை பாதுகாப்பு முறையாக டபிள்யூபிஏ3 மட்டும் போட்டிருந்தால் பழைய பிரிண்டர் சேராது, டபிள்யூபிஏ2-வும் கலந்த நிலையில் வையுங்கள். கெஸ்ட் (விருந்தினர்) வைஃபையில் உள்ள கருவிகள் பொதுவாகப் பிரிண்டரைப் பார்க்கவே முடியாது. இணைய நிறுவனம் தந்த ரூட்டருக்குப் பின்னால் தனியாக மெஷ் (வீடு முழுக்க வைஃபையைப் பரப்பும் கருவிகள்) வாங்கி மாட்டியவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இரண்டுமே முகவரி கொடுத்துக்கொண்டிருந்தால் வீட்டில் இரண்டு நெட்வொர்க் ஓடும், பெயர் சொல்லித் தேடும் ஆப்பிளின் அச்சு வசதியான ஏர்பிரிண்ட் அந்த எல்லையைத் தாண்டாது. மெஷ்ஷை ஆக்சஸ் பாயிண்ட் நிலைக்கு (முகவரி கொடுக்காமல் வைஃபையை மட்டும் பரப்பும் நிலை) மாற்றினால் தீரும்.

பலர் பகிரும் பிரிண்டரில் ஒருவருடைய அமைப்பு மற்ற எல்லாரையும் நிறுத்திவிடும். ஒரு கணினியில் தாள் அளவு ‘லெட்டர்’ என்றிருந்தால், ஏ4 வைத்திருக்கும் பிரிண்டர் தாள் கேட்டு நின்றுகொள்ளும். பின்னால் வந்த வேலைகள் எல்லாம் வரிசையில் காத்திருக்கும். விண்டோஸின் வட்டாரம் யுனைடெட் ஸ்டேட்ஸ் என்றிருந்தால் இது நடக்கும். ஒவ்வொரு கணினியிலும் பிரிண்டிங் பிரிஃபரன்ஸஸில் ஏ4 என மாற்றிவிடுங்கள்.

தமிழ்ப் பயிற்சித்தாளை அச்சடிக்கும்போது ‘கொ’வின் கொம்பு ஓரிடத்திலும் கால் வேறிடத்திலும் விழுந்தால், அல்லது கட்டம் கட்டமாக வந்தால், பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவர் எழுத்துருவை மாற்றிப் போடுகிறது. தாளைப் பிடிஎஃப் ஆக அக்ரோபாட்டில் திறந்து, அதன் பிரிண்ட் பெட்டியில் ‘அட்வான்ஸ்ட்’ போய் ‘பிரிண்ட் ஆஸ் இமேஜ்’ டிக் செய்யுங்கள். கொஞ்சம் மெதுவாக வரும், ஆனால் திரையில் இருப்பது அப்படியே தாளில் வரும்.