"நீங்களாவது சொல்லுங்கம்மா"

டிசம்பர் மூன்றாம் வாரம் வந்துவிட்டால் எங்கள் அலுவலகத்தில் தொலைபேசி ஓயாது. செமஸ்டர் முடிந்து கிரேடுகள் கணினியில் ஏறியிருக்கும். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் பதிவாளர் அலுவலகத்தில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். அந்த வாரத்தில் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் பெற்றோர்தான். அவர்கள் கேட்பதற்கான பதில் என் கண் முன்னால் திரையில் இருக்கும். சொல்லக் கூடாது.

ஒருமுறை ஓர் அம்மா என் பெயரைக் கேட்டதும் தமிழுக்கு மாறிவிட்டார். "ஏம்மா, நீங்க தமிழா? நல்லதாப் போச்சு. ஃபீஸ் கட்டறது நாங்க. லோன்ல கையெழுத்துப் போட்டது அவங்க அப்பா. இவ என்ன மார்க் வாங்கியிருக்கான்னு எங்களுக்கே சொல்ல மாட்டோம்னா எப்படி? நீங்களாவது சொல்லுங்கம்மா." ஆங்கிலத்தில் சட்டத்தின் பெயரைச் சொல்லி முடித்துவிடுவது சுலபம். தமிழில், அம்மா என்று கூப்பிடுகிற ஒருவரிடம் அதையே சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனாலும் மார்க்கைச் சொல்லவில்லை. மகளிடம் பேசச் சொன்னேன். "அவ போனை எடுத்தா நான் ஏம்மா உங்களைக் கூப்பிடறேன்?" என்றார்.

ஃபெர்பா (FERPA) என்று இங்கே எல்லோரும் சொல்லும், மாணவர்களின் கல்விப் பதிவுகளைக் காக்கும் சட்டம் 1974-ல் வந்தது. செனட்டர் ஜேம்ஸ் பக்லி முன்வைத்தார், அதிபர் ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்டார். பலருக்குத் தெரியாத விஷயம், இது பெற்றோருக்காகவும் பிறந்த சட்டம் என்பது. பள்ளிகள் பிள்ளைகளைப் பற்றிக் கோப்புகளில் என்னவெல்லாமோ எழுதி வைத்திருக்க, பெற்றோர் கேட்டால் காட்டாத காலம் அது. பார்க்கும் உரிமை, தவறாக இருந்தால் திருத்தக் கேட்கும் உரிமை, தங்கள் சம்மதம் இல்லாமல் வெளியே போகாமல் தடுக்கும் உரிமை என எல்லாம் பெற்றோர் கைக்கு வந்தன. பிள்ளைக்கு 18 வயது ஆனதும், அல்லது கல்லூரியில் சேர்ந்ததும், அதே உரிமைகள் அப்படியே பிள்ளையின் கைக்கு மாறிவிடுகின்றன. இரண்டில் எது முதலில் வருகிறதோ அது. "அவளுக்கு இன்னும் 17 தானே" என்று கேட்பார்கள். 17 என்றாலும், கல்லூரி மாணவி ஆகிவிட்டால் கோப்பு அவளுடையது. பணம் யார் கட்டுகிறார்கள் என்பது இந்தக் கணக்கில் வரவே வராது.

இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். புரிந்தது வேறு விதமாக.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். ஓர் அப்பா கூப்பிட்டார். மகளின் மாணவர் எண், பிறந்த தேதி, எந்தக் கணக்கு வகுப்பு, எந்தப் பேராசிரியர் என எல்லாம் சொன்னார். குரலில் அவ்வளவு தன்மை. அந்தக் கணக்கு வகுப்பு எப்படிப் போகிறது என்று கேட்டார். "அதிலிருந்து அக்டோபரிலேயே விலகிட்டாங்களே" என்று சொல்லிவிட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் அந்தப் பெண் கவுன்ட்டருக்கு வந்தாள். சண்டை போடவில்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே சொன்னாள்: "தேங்க்ஸ்கிவிங்குக்கு வீட்டுக்குப் போகும்போது நானே சொல்லலாம்னு இருந்தேன். எப்படிச் சொல்றதுன்னு எழுதிக்கூட வெச்சிருந்தேன்."

மேலதிகாரி என்னைக் கண்டித்தார், திரும்பப் பயிற்சிக்கு அனுப்பினார். அது முடிந்துபோன விஷயம். ஆனால் எழுதி வைத்திருந்தேன் என்று அவள் சொன்னது இன்னும் மனதில் நிற்கிறது. ஒரு வகுப்பிலிருந்து விலகியது பெரிய ரகசியம் இல்லை. அதைத் தன் வாயால் தன் அப்பாவிடம் சொல்ல அவளுக்கு ஒரு வாய்ப்பு இருந்தது, அதை நான் எடுத்துக்கொண்டேன். இப்படி உரிமை மீறப்பட்ட மாணவர், இந்தச் சட்டத்தை வைத்துத் தானே வழக்குப் போட முடியாது என்று 2002-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. கல்வித் துறையிடம் புகார் கொடுக்கலாம், அவ்வளவுதான். அதனால் கவுன்ட்டரில் இருக்கிறவர் வாயைக் காப்பதுதான் அந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய பாதுகாப்பு.

இதையே சாக்காக வைத்துக்கொள்கிறவர்களைப் பார்த்தாலும் எனக்குக் கோபம் வரும். "ஃபெர்பா இருக்கிறது, பேச முடியாது" என்று போனை வைத்துவிடுவது வேலையைச் சுலபமாக்கும். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வரிக் கணக்கில் பெற்றோர் அந்த மாணவரைத் தங்களைச் சார்ந்தவர் என்று காட்டியிருந்தால், மாணவரின் சம்மதம் இல்லாமலே கல்லூரி அவர்களுக்குப் பதிவுகளைக் காட்டலாம். 21 வயதுக்குள் மது, போதைப்பொருள் விதியை மீறினால் தெரிவிக்கலாம். உடல்நலத்துக்கோ உயிருக்கோ ஆபத்து என்றால் தெரிவிக்கலாம். எல்லா இடத்திலும் 'லாம்'தான். கட்டாயம் எதிலும் இல்லை. அதனால் ஒவ்வொரு கல்லூரியும் தனக்கென்று ஒரு கோடு போட்டுக்கொள்கிறது. ஒரே கேள்விக்கு இரண்டு கல்லூரியில் இரண்டு பதில் கிடைத்துப் பெற்றோர் குழம்பிப்போவது இதனால்தான்.

2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவன் 32 பேரைச் சுட்டுக் கொன்றான். அவனைப் பற்றி ஆளுக்கு ஒரு துண்டு தெரிந்திருந்தது, சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை. தனியுரிமைச் சட்டங்களைத் தவறாகப் புரிந்துகொண்டதும் அதற்கு ஒரு காரணம் என்று விசாரணைக் குழு எழுதியது. அடுத்த வருடமே அவசர நேர விதியைக் கல்வித் துறை தெளிவாக்கியது. ஒரு பேராசிரியர் தன் கண்ணால் கண்டதை, வகுப்பில் பையன் அழுதுகொண்டிருந்தான் என்பதை, சொல்ல இந்தச் சட்டம் எப்போதுமே தடையாக இருந்ததில்லை. பதிவேட்டில் உள்ளதைத்தான் அது காக்கிறது.

அதனால் "பையன் நாலு நாளா போனை எடுக்கலை" என்று யாராவது கூப்பிட்டால் நான் கிரேடைத் திறப்பதே இல்லை. பெயரையும் விடுதியையும் கேட்டுக்கொண்டு, மாணவர் நலப் பிரிவுக்கு உடனே இணைப்புக் கொடுக்கிறேன். அங்கிருந்து ஆள் போய்க் கதவைத் தட்டுவார்கள். பெரும்பாலும் தூக்கக் கலக்கத்தோடு பையன் கதவைத் திறப்பான். "அம்மாவைக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டு வருவார்கள். சொல்லாமல் உதவவும் முடியும் என்று எனக்குக் காட்டியவை இந்த அழைப்புகள்தான்.

நாங்கள் சம்மதப் படிவம் ஒன்று வைத்திருக்கிறோம். எந்தப் பதிவு, யாருக்கு, எதற்காக என்று குறித்து, மாணவர் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். பிள்ளையின் பாஸ்வேர்டை வாங்கி உள்ளே நுழைகிற பெற்றோரிடம் இந்தப் படிவத்தைத்தான் எடுத்துச் சொல்கிறேன்.

போன ஜூலையில் புது மாணவர் சேர்க்கை நாளன்று ஓர் அம்மாவும் மகளும் கவுன்ட்டருக்கு வந்தார்கள். "எல்லாத்துலயும் டிக் பண்ணிடு" என்றார் அம்மா. மகள் கட்டணத்துக்கு டிக் அடித்தாள். கிரேடுக்கும் அடித்தாள். ஒழுங்கு நடவடிக்கை என்ற கட்டத்துக்கு மேலே பேனா நின்றது. அம்மா அதைப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த பேருந்து அட்டவணையைப் படிக்கத் தொடங்கினார்.

"இது இல்லாம கொடுக்கலாமா?" என்று மகள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"கொடுக்கலாம். அடிச்சதைக்கூட எப்ப வேணும்னாலும் நீங்க ரத்து பண்ணலாம்."

அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அம்மா திரும்பி வந்து, பையிலிருந்து தன் பேனாவை எடுத்து, "நான் எங்கே போடணும்?" என்று கேட்டார். அவர் போட வேண்டியதில்லை, மகளின் கையெழுத்தே போதும் என்றேன். மூடியைத் திரும்ப மாட்டிப் பேனாவைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.