பெயர் தெரியாத ரீல்கள்

படச்சுருள் காப்பகத்தில் என் வேலை, வந்து சேரும் கேன்களைத் திறந்து, உள்ளே இருப்பது எந்தப் படம், எந்த நிலையில் இருக்கிறது என்று பதிவு செய்வது. மூடியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால், அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. அந்த அமிலம் பக்கத்து ரீல்களையும் கெடுக்கும் என்பதால் உடனே தனியே எடுத்து வைத்துவிடுவோம். குளிரும் குறைந்த ஈரப்பதமும் சிதைவை மெதுவாக்கும், அவ்வளவுதான்.

அதைவிடச் சிரமம், படம் எதுவென்று கண்டுபிடிப்பது. கேன் மேல் ஒரு பெயர் இருக்கும், உள்ளே வேறு படம். டைட்டில் வரும் முதல் ரீல் பல நேரம் வந்தே சேராது. 1000 அடி ரீல் ஏறக்குறைய 11 நிமிடம் ஓடும். அதில் தெரியும் ஒரு முகம், ஒரு கடைப் பலகை, ஃபிலிம் ஓரத்தில் அந்த ஃபிலிமைத் தயாரித்த கம்பெனி போட்ட ஆண்டுக் குறி, இவற்றைப் பிடித்துக்கொண்டுதான் தேட வேண்டும்.

எந்த நாடும் தன் படங்களைத் தனியாகக் காப்பாற்றிவிட முடியாது என்பதை இந்த வேலையில்தான் உணர்ந்தேன். 1936இல் வந்த கொரியப் படம் 'மிமோங்' 2005இல் சீனத் திரைப்படக் காப்பகத்தில் கிடைத்தது. ஷாங்காயில் 1927இல் எடுத்த ஒரு மௌனப் படம் நார்வே தேசிய நூலகத்தில் இருந்தது. 1919இன் இந்திய மௌனப் படம் 'பில்வமங்கள்' பாரிஸில் இருந்தது. நம் புனே தேசியத் திரைப்படக் காப்பகம் 2016இல் 'ஜமாய் பாபு' என்ற வங்காள மௌனப் படத்தின் பிரதியைக் கொடுத்து 'பில்வமங்கள்' பிரதியை வாங்கியது. கொடுத்ததால்தான் கிடைத்தது!

தமிழ்ப் படப்பெட்டிகளும் இலங்கை, மலேயா என்று பயணம் போனவைதான். 1931இன் 'காளிதாஸ்' இன்று ஒரு பிரதிகூட இல்லை. அந்தக் காலத்துப் படங்கள் வேறு ஊர்க் கிடங்கில், வேறு பெயரில் கிடக்கலாம் என்ற நம்பிக்கையை நான் விடவில்லை. ஆனால் தேட வேண்டுமென்றால் பட்டியல்கள் வெளியே வர வேண்டும். உரிமைச் சிக்கல் வருமோ என்ற பயத்தில் பலரும் பூட்டி வைத்திருக்கிறார்கள். படத்தைத் திரையிடுவதற்கு உரிமை வேண்டும், சரி. எங்களிடம் என்ன இருக்கிறது என்று சொல்வதற்கு என்ன தடை?

அதனால் எங்கள் பதிவேட்டில் பெயர் தெரியாதவை என்று ஒதுக்கிய ரீல்களிலிருந்து சில ஃபிரேம்களைப் பிற காப்பகங்களுக்கும் பழைய தியேட்டர் ஆபரேட்டர்களுக்கும் முதலில் அனுப்பலாம் என்று மேலதிகாரிகளிடம் கேட்டிருக்கிறேன். பழைய ஆபரேட்டர்கள் ஒரு காட்சியைப் பார்த்தே படத்தின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். அவர்களுக்கு வயதாகிறது.